கார் பிரிஜட்

சிங்கப்பூர் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் அந்தக் காலத்தில் இரண்டு பிரிஜட்டுகள் இருந்தார்கள். ஒருவர் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். அவரைப் பாட்டு பிரிஜட் என்பார்கள். மற்றவளுக்குக் கால் பிரிஜட் என்று பெயர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. யாரும் கேலியாக அப்படிச் சொல்லவில்லை. அடையாளத்துக்காகச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் சொல்கிறவருக்கு அடையாளமாக இருப்பது கேட்கிறவளுக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ரவல் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அண்ணன் ஜார்ஜ் குடும்பத்தோடு இருந்தவரை அவளுக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் சிசில் ஸ்திரீட்டில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பஸ், கொஞ்ச தூரப் பயணம். எழுபத்தேழாம் ஆண்டு ஜார்ஜுக்கு ஆங் மோ கியோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. காற்றும் வெளிச்சமுமான வீடு. அண்ணி உர்சுலா சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, “இங்க நின்னாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி இருக்கு” என்று மகிழ்ந்து போனாள். பிரிஜட்டுக்கும் வீடு பிடித்திருந்தது. பஸ்தான் பிடிக்கவில்லை.

புது நகரம். ஆட்கள் குடியேறிய வேகத்துக்குப் பஸ்கள் வந்து சேரவில்லை. காலையில் வருகிற பஸ்ஸெல்லாம் படிவரை நிறைந்து வரும். ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு டவுன்வரை நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்று நின்று, ஆபீசில் போய் உட்காரும்போது அவளுக்கு இடுப்பு மரத்துப் போயிருக்கும். ஒரு நாள் பஸ் சடாரென்று பிரேக் போட்டபோது பிரிஜட் முன்னால் நின்ற ஒருவர் மேல் போய் விழுந்தாள். அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலம் சிதறியது. யாரோ ஓர் அம்மாள் பஸ் முழுக்கக் கேட்கும்படி, “ஐயோ பாவம், கால் சரியில்ல, யாராவது எடம் குடுங்களேன்!” என்றார். நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அவள் உட்காரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைக்கு ஆபீசுக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், “அண்ணே, நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்” என்றாள்.

ஜார்ஜுக்கு ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. கம்பெனி பஸ் கீழேயே வந்து ஏற்றிக்கொண்டு போகும். கடினமான மனிதர் இல்லை. ஆனால் தங்கச்சி விஷயத்தில் எதற்கெடுத்தாலும் பயம்.

“கிளட்ச் எடது காலாலல்ல மிதிக்கணும்? ஒனக்குத் தெரியாதா?” என்றார்.

“தெரியும்.”

“அப்புறம்? ரோட்டு நடுவுல நின்னுட்டா யாரு வந்து தள்ளுறது? டாக்சில போயேன்.”

“தெனமுமா?”

ஜார்ஜ் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உர்சுலா பாத்திரம் கழுவிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கிளட்ச் இல்லாத கார்களும் அப்போது இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை முதலாளிமார் வைத்திருந்த பெரிய கார்கள். பிரிஜட் மாதிரி ஒரு குமாஸ்தா கனவில்கூட வாங்க முடியாது. உரிமத்துக்குச் சான்று வாங்கப் போனபோது டாக்டர் அவளுடைய காலை மடக்கியும் நீட்டியும் பார்த்தார். தன் உள்ளங்கையை வைத்து, “தள்ளுங்க” என்றார். தள்ளினாள். “பலம் இருக்கு, கொஞ்சம்தான் இருக்கு. எந்தக் காரோட கிளட்ச மிதிக்கப் போறீங்கங்கிறதப் பொறுத்திருக்கு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்க அஸ்மத் என்பவர் கிடைத்தார். செராங்கூன் ரோட்டுக்காரர், நிதானமானவர். அவருடைய பயிற்சிக் கார் வயதான, கனமான வண்டி. பிரிஜட் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை மிதித்தாள். பாதி தூரம் இறங்கும், பிறகு கால் நடுங்கும், வண்டி குலுங்கி அணைந்துவிடும். மூன்று வகுப்புகள் அப்படியே போயின. நான்காவது வகுப்பில் வண்டி சந்திப்பு ஒன்றின் நடுவில் அணைந்து, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“நீங்களே ஓட்டுங்க, நான் எறங்கிக்கிறேன். எனக்கு இது ஆகாது” என்றாள்.

அஸ்மத் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லவில்லை. தானே இறங்கி, இடம் மாறி உட்கார்ந்து, ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது, “இந்த வண்டிதான் ஆகாதுக்கா. என் மச்சான்கிட்ட ஒரு சின்ன வண்டி இருக்கு. ஆயிரம் சிசி. நாளைக்கு அதக் கொண்டாறேன்” என்றார்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது வெளிர்பச்சை நிறத்தில், இரண்டே கதவு வைத்த, சின்னஞ்சிறு ஜப்பான் கார். பக்கத்தில் நின்றால் அதன் கூரை பிரிஜட்டின் தோளுக்குத்தான் வந்தது. உள்ளே உட்கார்ந்து இடது காலை வைத்தாள். ஈரமண்ணில் கால் புதைகிற மாதிரி கிளட்ச் அடிவரை இறங்கியது. நம்பிக்கை வராமல் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாள். மறுபடியும் இறங்கியது. என்ஜினைக்கூட முடுக்காமல் நிறுத்தி வைத்த இடத்திலேயே பத்துப் பதினைந்து தடவை மிதித்துப் பார்த்தாள். அஸ்மத் வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் தேர்வில் தோற்றாள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது நடைபாதை ஓரத்தில் ஏற்றிவிட்டாள். அதற்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இரண்டாவது தடவை தேறினாள். அஸ்மத்தின் மச்சான் பெரிய குடும்பஸ்தர். அந்தக் காருக்குள் தன் பிள்ளைகளை அடைக்க முடியவில்லை என்று விற்கத்தான் காத்துக்கொண்டிருந்தார். பிரிஜட் அதையே வாங்கினாள்.

ஜார்ஜ் கீழே இறங்கி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். “இது காரா, சோப்பு டப்பாவா? லாரி ஒண்ணு பக்கத்துல போனா பறந்துடும் லா” என்றார். உர்சுலா மட்டும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிக்கொண்டாள்.

அந்த நாளில் காலை வேளைகளில் டவுனுக்குள் கார் நுழைய வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஆனால் காரில் நான்கு பேர் இருந்தால் சீட்டு வேண்டியதில்லை. அதனால் ஊரில் பலபேர் பஸ் நிறுத்தங்களில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏறுகிறவருக்கு இலவச சவாரி, ஓட்டுகிறவருக்கு இலவச நுழைவு.

பிரிஜட்டும் முதல் நாள் தன் காரை, இதுவரை தான் நின்று கொண்டிருந்த அதே பஸ் நிறுத்தத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கி, தொண்டையைக் கனைத்து, “டவுனுக்குப் போறேன். மூணு பேர் வேணும்” என்றாள். வரிசையில் நின்றவர்கள் காரையும் பார்த்தார்கள், அவளையும் பார்த்தார்கள். அவள் கால் விந்தி நடப்பதைத் தினமும் பார்த்தவர்கள் அவர்கள். யாரும் நகரவில்லை. பிறகு ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, ராஃபிள்ஸ் பிளேஸ் போகுமா?”

அவள் பெயர் மங்களம். வங்கி ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டர். அவள் ஏறியதைப் பார்த்து ஒல்லியான ஓர் இளைஞர் வந்தார். பரமசிவம், கட்டட வரைபடம் போடுகிறவர். மூன்றாவதாக வந்தவர் அப்துல் அலீம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர், ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். அவர் குனிந்து உள்ளே பார்த்து, “தங்கச்சி, நான் ஏறினா மத்தவங்க எறங்கணுமே” என்றார். கார் நிறையச் சிரித்தார்கள். அவர் முன்னால் உட்கார்ந்ததும் கார் இடது பக்கம் சாய்ந்தது.

ஒரு நாளைக்கென்று ஏறியவர்கள் மறுநாளும் வந்தார்கள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. இரண்டு கதவுக் கார் என்பதால் பின்னால் இருப்பவர்கள் இறங்க வேண்டுமானால் அலீம் முதலில் இறங்கி, இருக்கையை மடக்க வேண்டும். மழைநாளில் அது ஒரு பெரிய சடங்கு. பிராஸ் பாசா பக்கம் எல்லைப் பலகைக்கு அடியில் நிற்கும் பெண் காவலர் குனிந்து தலைகளை எண்ணுவார். பரமசிவம் அலீமின் தோளுக்குப் பின்னால் அடியோடு மறைந்து போவார். “திரீ பெர்சன் ஒன்லி லா!” என்று காவலர் கையை நீட்டித் தடுப்பார். பின்னாலிருந்து ஒரு கை மட்டும் எழும்பி ஆடும். காவலருக்கே சிரிப்பு வந்துவிடும்.

பிரிஜட்டுக்கு அந்த வண்டி எப்படி இருந்தது என்று கேட்டால், ஒரு நாளைக்கு ஒரு பதில் சொல்லியிருப்பாள். பெட்ரோலை முகர்ந்து பார்த்தே ஓடுகிற மாதிரி ஓடியது. எண்ணெய் விலை ஏறி எல்லாரும் புலம்பிய வருஷத்திலும் அவள் புலம்பவில்லை. சாலை வரியும் குறைவு. தீபாவளிக்கு முன்னால் செராங்கூன் ரோட்டுச் சந்துகளில் பெரிய கார்கள் வட்டமடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் இரண்டு வேன்களுக்கு நடுவில் சொருகிவிட்டு இறங்கி நடப்பாள். மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து திறந்தால் மட்டும் அடுப்பைத் திறந்தது போலிருக்கும். குளிர்சாதனம் கிடையாது. ஜன்னலை இறக்கினால் முன்னால் போகும் லாரியின் புகை, ஏற்றினால் நான்கு பேரின் வியர்வை. மங்களத்தின் பவுடரெல்லாம் டவுன் சேர்வதற்குள் கழுத்துக்கு இறங்கியிருக்கும். பெரிய மழையில் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து பரமசிவத்தின் வரைபடச் சுருளை நனைத்துவிட்டது, ஒரு தடவை அல்ல. நெடுஞ்சாலையில் கனரக லாரி ஒன்று ஒட்டி உரசிக்கொண்டு போனால் கார் அப்படியே ஒரு பக்கம் ஒதுங்கும். அந்த நேரங்களில் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து அவள் உள்ளங்கை வேர்க்கும். பெரிய கார்க்காரர்கள் சிலர் அவள் காரைக் கண்டாலே ஹாரன் அடித்தார்கள். முதலில் பயந்து வழிவிட்டாள். பிறகு பழகிக்கொண்டாள். கடைசியில் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்ததும் வயதானவர்களை வீட்டில் இறக்கிவிட ஆரம்பித்தாள். “யாரு கூட்டிட்டுப் போறா? பாட்டு பிரிஜட்டா?” “இல்ல, கார் பிரிஜட்.” யார் முதலில் அப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. ஓர் எழுத்துதான் மாறியது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த பிரிஜட் காதில் அது விழுந்தபோது, கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு இறங்கினாள்.

எண்பத்தொன்றாம் ஆண்டு கடைசியில் ஒரு நாள் காலை, கார் தோம்சன் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது அப்துல் அலீம் ஒரு செய்தி சொன்னார். அவருடைய தங்கை ஆமினா பீவி மலேசியாவில் கேமரன் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் மகள் பரீதாவுக்குக் கல்யாணம். அலீமின் மனைவி உதவிக்கென்று முன்னாலேயே போய்விட்டார்.

“நான் பஸ்ல போகணும். அந்த வளைவுல பஸ்ஸுல போனா எனக்குக் கொடலே வெளிய வந்துடும்” என்றார்.

“நம்ம வண்டியிலயே போவோமே” என்றாள் மங்களம் பின்னாலிருந்து.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது பிரிஜட் கண்ணாடியில் மூவரையும் பார்த்தாள். “லீவு கெடைக்குமா ஒங்களுக்கெல்லாம்?” என்றாள்.

ஜார்ஜ் இதைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “மலைமேலயா? அந்தச் சோப்பு டப்பாவுலயா? நாலு பேரோடயா?”

“மெதுவாப் போவோம் அண்ணே.”

“மெதுவாப் போறது வேற, ஏறாமப் போறது வேற.”

அவர் சொன்னதில் பாதி உண்மைதான் என்பது பிறகு தெரிந்தது.

சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூர் வழியாகப் போனார்கள். வழியெல்லாம் ரப்பர் மரங்கள், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள், மர லாரிகள். லாரியை முந்த இந்த வண்டிக்குத் தெம்பு போதாது. லாரிக்குப் பின்னாலேயே போய், லாரி டீக்கடையில் நின்றால்தான் இவர்களுக்கு வழி. ஓர் இரவு கோலாலம்பூரில் அலீமின் உறவினர் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் தாப்பாவில் மலைப்பாதை ஆரம்பித்தது. வளைவுக்கு மேல் வளைவு. பிரிஜட் இரண்டாவது கியரிலேயே உருட்டினாள். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, என்ஜின் மூடியைத் திறந்து வைத்து, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றினார்கள். குளிர் காற்று வர வர எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மங்களம் பாடினாள். அலீம்கூடக் குடல் வெளியே வராமல் தாளம் போட்டார்.

தோட்டத்துக்குப் பிரியும் சாலையில்தான் சிக்கல் வந்தது. ஒரு லாரி மட்டுமே போகிற அகலம். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். அது சாலை என்பதைவிட ஏணி என்று சொல்லலாம். முதல் கியரில் போட்டும் வண்டி முக்கியது, திணறியது, நின்றது. பிரிஜட் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். அலீம் இறங்கி இருக்கையை மடக்க, பரமசிவம் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்தார்.

மங்களமும் இறங்கினாள். கல்யாணத்துக்காகச் செராங்கூன் ரோட்டில் வாங்கிய புடவைகளும் பாத்திரங்களும் இருந்த பெட்டிகளையும் இறக்கினார்கள். பரமசிவத்திடம் உரிமம் இருந்தது. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்.

“அக்கா, நான் ஏத்திடறேன். நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க” என்றார்.

அதுதான் சரி என்று எல்லாருக்கும் தோன்றியது. அவளுக்கும் தோன்றியது. பின்னால் பார்த்தாள். சாலை விழுகிற மாதிரி இறங்கியது. இந்தச் சரிவில் கிளட்சைக் கொஞ்சம் வேகமாக விட்டால் அணைந்துவிடும், கொஞ்சம் தாமதித்தால் வண்டி பின்னால் உருளும். இடது கால் ஏற்கெனவே வளைவுகளில் மிதித்து மிதித்து உளைந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கக் கையைக்கூட வைத்துவிட்டாள். பிறகு மேலே பார்த்தாள்.

“வேணாம் தம்பி. ரெண்டு பேர் ஏறினா மறுபடி நின்னுடும். ஒரு ஆளோடதான் ஏறும்” என்றாள். “நீங்க மூணு பேரும் நடந்து வந்துடுவீங்க. என்னால இந்த மேட்ட நடந்து ஏற முடியாது. அப்ப நாந்தானே ஓட்டணும்?”

பரமசிவம் ஒரு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அலீம், “தங்கச்சி சொல்றது நியாயம்தான்” என்றார். மங்களம் ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் தோளை அழுத்தினாள்.

பிரிஜட் என்ஜினை முடுக்கினாள். கிளட்சை அடிவரை மிதித்து முதல் கியரில் போட்டாள். வலது காலால் பெட்ரோலைக் கொடுக்கக் கொடுக்க என்ஜின் அலறியது. இடது காலைத் தூக்கினாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தொடை நடுங்கியது. வண்டியின் மூக்கு லேசாக உயர்வதை உணர்ந்தாள். அது பிடித்துக்கொண்டது என்று அவள் காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கை விட்டாள். ஒரு கணம் கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பிறகு கல்லை விட்டு நகர்ந்தது.

“போங்க, போங்க, நிறுத்தாதீங்க!” என்று பின்னால் மூன்று குரல்கள் கத்தின.

அவள் நிறுத்தவில்லை. பாரம் இறங்கிய வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, பச்சைச் செடிகளுக்கு நடுவில் ஒரு பச்சை டப்பா தனியாக ஏறுவதைக் கண்டு கை ஆட்டினார்கள். அவளால் கை ஆட்ட முடியவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. சிரிக்க மட்டும் முடிந்தது.

மேட்டின் உச்சியில், ஆமினா பீவியின் கடைக்கு முன்னால் சமதளத்தில் காரை நிறுத்தினாள். இறங்கிக் காரில் சாய்ந்து நின்றாள். கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கீழே சாலையின் வளைவுகள் தெரிந்தன. அதில் மூன்று பேர் பொட்டுப் பொட்டாக வந்துகொண்டிருந்தார்கள். அலீம் வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினார். பரமசிவம் தலையில் ஒரு பெட்டி. மங்களம் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் முன்னால் போவார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து அவளுக்காக நிற்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அண்ணன், ஆபீசில் கூட வேலை செய்பவர்கள், எல்லாரும் அன்பாகத்தான் நின்றார்கள். அந்த அன்பு தன்னை நோக்கிப் பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே விந்தி விந்தி நடப்பதுதான் அவளுக்கு எப்போதும் கஷ்டம். இன்றைக்கு அவள் மேலே நிற்கிறாள், மற்றவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகக் காத்திருப்பது அவளுக்கு இவ்வளவு பிடிக்கும் என்று நினைத்ததே இல்லை. கடையிலிருந்து ஓடி வந்த ஆமினா பீவி, “அண்ணன் எங்கம்மா?” என்று பதறினார். பிரிஜட் கீழே கையைக் காட்டி, “வர்றாங்க, மெதுவா வரட்டும். தண்ணி மட்டும் எடுத்து வைங்க” என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் அந்தக் காரை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிங்கப்பூர் திரும்பியதும் அலீம் ஜார்ஜின் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவரைப் போல நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். “வண்டி நாலு பேரோட ஏறல. நீங்க சொன்னது சரிதான். ஆனா ஒங்க தங்கச்சி ஏறிட்டாங்க.” ஜார்ஜ் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் வாயில் சோப்பு டப்பா என்ற பேச்சு வரவில்லை.

அலீம் போன பிறகு, பிரிஜட் துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குள் உர்சுலா வந்து கதவோரம் நின்றாள்.

“பிரிஜட், எனக்கும் சொல்லிக் குடுப்பியா?”

“என்ன அண்ணி?”

“கார் ஓட்ட. நீ வாங்கிட்டு வந்தியே, அந்த மொத நாளே கேக்கணும்னு நெனச்சேன். ஒங்க அண்ணன் சிரிப்பாருன்னு வாய மூடிக்கிட்டேன்.”

பிரிஜட் அவளை அஸ்மத்திடமே கொண்டுபோய்ச் சேர்த்தாள். உர்சுலாவுக்கு இரண்டு காலும் திடமானவை, பதற்றம்தான் அதிகம். மூன்று தடவை தோற்றுப்போய் நான்காவது தடவை தேறினாள். ஒவ்வொரு தடவையும் தோற்று வந்து பிரிஜட்டின் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

எண்பத்தாறில் பச்சைக் காருக்குப் பத்து வயதாயிற்று. பத்து வயதான வண்டியைப் பழைய இரும்புக்கு ஒப்படைத்துவிடுவதுதான் அந்த நாளில் எல்லாரும் செய்தது, வைத்திருந்தால் செலவு கூடும். அதற்குள் கார் தளமும் ஓரங்களில் அரித்துப்போய், கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிய ஆரம்பித்திருந்தது. அலீம் ஓய்வு பெற்றிருந்தார். பரமசிவம் கல்யாணம் செய்துகொண்டு ஜூரோங்குக்குக் குடிபோயிருந்தார். மங்களம் மட்டும் இன்னும் பின்னிருக்கையில் இருந்தாள். ஆங் மோ கியோவில் எங்கு பார்த்தாலும் ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ரயில் வந்தால் கார் எதற்கு என்று ஆபீசில் பலர் கேட்டார்கள். ஸ்டேஷன் படிகளை அவள் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

இந்த முறை கார் வாங்க ஜார்ஜ் தானே கூட வந்தார். கொஞ்சம் பெரிய வண்டியாக ஒன்றைத் தட்டிக் காட்டினார். பிரிஜட் அதில் உட்கார்ந்து பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. பிறகு பக்கத்தில் நின்ற, நான்கு கதவு வைத்த சின்னதொரு நீலக் காரில் போய் உட்கார்ந்தாள். அதில் குளிர்சாதனமும் இருந்தது. மேட்டில் ஏறும்போது அதை அணைத்துவிட வேண்டியிருக்கும் என்று விற்பனைக்காரரே சொன்னார். “பரவாயில்ல, இங்க மேடு கம்மிதானே” என்று சிரித்தாள்.

உரிமம் வாங்கியும் அதிகம் ஓட்டாமலிருந்த உர்சுலா, அடுத்த சில வாரங்களில் அந்தக் காரில்தான் பழகினாள். பிரிஜட் பக்கத்தில் உட்கார்ந்து வழி மட்டும் சொன்னாள். ஒரு சனிக்கிழமை செராங்கூன் ரோட்டில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, உர்சுலா ஆங் மோ கியோ பக்கம் திரும்பாமல் நேராகவே ஓட்டினாள்.

“அண்ணி, எங்க போறீங்க?”

“ஜூரோங்குக்கு. ஒங்க அண்ணனுக்கு இன்னிக்கு அரை நாள்தானே.”

“அவரு கம்பெனி பஸ்ல வந்துடுவாரு.”

“வரட்டும், நாளைக்கு. இன்னிக்கு நான் கூட்டிட்டு வரேன்.”

நெடுஞ்சாலையில் லாரிகள் வலப்புறம் இரைந்துகொண்டு போயின. உர்சுலா இடது ஓரத்தை விடவே இல்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது, ஆனால் வேகம் குறையவில்லை. கப்பல் பட்டறை வாசலில் ஆட்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஜார்ஜ் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார், நீலக் காரைப் பார்த்தார், ஓட்டுநர் இருக்கையில் மனைவியைப் பார்த்தார், பக்கத்தில் தங்கச்சியைப் பார்த்தார். கூட வந்தவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் அவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, பின்கதவைத் திறந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே ஏறினார்.

“கதவ மெதுவாச் சாத்துங்க, புது வண்டி” என்றாள் உர்சுலா. பிறகு கண்ணாடியைப் பார்த்து, சமிக்ஞை போட்டு, பஸ்களுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில் காரைச் சாலைக்குள் இறக்கினாள்.